நீர் ஓயும் பொழுது

நிலத்தில் செல்வோர் வழியை அறிந்தால் போதும். கடலில் செல்வோர் வழியோடு பொழுதையும் அறிதல் வேண்டும். ஊர்களை இணைக்கும் சாலை காலையிலும் மாலையிலும் ஒரே தன்மையாய்க் கிடக்கின்றது. கடல்வழியோ அத்தகையது அன்று. விடியலில் தோணியைத் தாய்போல் தாங்கிச் சென்ற நீர், நண்பகலில் அதனையே பாறைமேல் எறியவும் கூடும். இடம் மாறவில்லை, பொழுது மாறிற்று. கடலோடிகள் தோள்வலியால் கடலை வென்றவர் அல்லர். அதன் இயல்பை அறிந்து, அதற்கு இயைய நடந்து கரை சேர்ந்தவரே ஆவர். இவ்வுண்மையைக் கனடா நாட்டின் மேலைக் கரையில் உள்ள தீவுகளிடையே ஒரு கணவரும் மனைவியும் கோடையில் மேற்கொண்ட பயணத்தின் வாயிலாக ஈண்டுக் காண்போம்.

வட அமெரிக்கக் கண்டத்தின் மேற்கு ஓரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் மாநிலம் உள்ளது. அதன் கரையை ஒட்டி, ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நீளமுள்ள வான்கூவர் தீவு ஒரு பெருமதில் போல நீண்டு கிடக்கின்றது. பசிபிக் மாகடலின் பேரலைகளை இத்தீவு தடுத்து நிறுத்துகின்றது. தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே உள்ள கடல் ஜார்ஜியா நீரிணை எனப்படும். இதனையும் இதனோடு தொடர்ந்த பிற நீர்ப்பரப்புகளையும் சேர்த்துச் சேலிஷ் கடல் என்று வழங்குவர். அங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் சேலிஷ் மக்களின் பெயரால் அமைந்த இப்பெயரை, அமெரிக்க அரசு 2009ஆம் ஆண்டிலும் கனடா அரசு 2010ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டன.

வான்கூவர் தீவின் தென்கிழக்குக் கரையோரம் சிறியவும் பெரியவுமாகிய தீவுகள் பல சிதறிக் கிடக்கின்றன. அவற்றை வளைகுடாத் தீவுகள் என்பர். சால்ட் ஸ்பிரிங், கலியானோ, மேயின், சட்டூர்னா, பெண்டர், வால்டெஸ் முதலியன அவற்றுள் சில. மேற்கேயும் தெற்கேயும் உள்ள மலைகள் மழைமேகங்களைத் தடுத்துவிடுவதால், கோடையில் இத்தீவுகளில் மழை மிகக் குறைவு. வானம் தெளிந்திருக்கும். ஆனி மாதத்தில் பகற்பொழுது 16 மணி நேரம் நீளும். கரையோரத்து மணற்பாறைகளைக் காற்றும் உப்பும் அரித்துத் தேனடை போலக் குழிகள் ஆக்கியுள்ளன. பாறை விளிம்பில் அர்பூட்டஸ் என்னும் மரங்கள் கடலை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. நம் நாட்டுக் கொய்யா மரம் போல அவை பட்டை உரிந்து வழவழப்பாக விளங்கும். உரிந்த பட்டையோ செம்பு நிறமானது. இவ்வழகைக் காணவே ஒவ்வொரு கோடையிலும் பாய்த்தோணிகள் பல அங்குச் செல்கின்றன.

நாம் கூறவந்த கணவர் மரவேலை செய்பவர். அம்மையார் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர். அவர்களுடைய தோணி 8 மீட்டர் நீளம் உடையது. ஒரே பாய்மரம், அதன் முன்னும் பின்னுமாக இரண்டு பாய்கள். காற்று இல்லாதபோது உதவச் சிறிய இயந்திரம் ஒன்றும் உண்டு. புறப்படுமுன் இருவரும் ஒரு கிழமை முழுவதும் ஆயத்தம் செய்தனர். கயிறுகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, நைந்தவற்றை மாற்றினர். பாயின் தையலைச் சோதித்தனர். திசைகாட்டி, கடல் வரைபடம், ஓத அட்டவணை, விளக்கு, மருந்துப் பேழை ஆகியவற்றைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தனர். நன்னீரை நிரம்ப ஏற்றிக்கொண்டனர். ஏனெனில், நாற்புறமும் நீர் சூழ்ந்த அத்தீவுகளில் கோடையில் குடிநீர் அரிது. மிதப்பு உடையை இருவரும் எப்போதும் அணிவது என்றும் உறுதி செய்துகொண்டனர். கோடையிலும் அக்கடல் நீர் மிகக் குளிர்ந்தது. அதில் வீழ்ந்தோர் நீந்த வல்லவராயினும் சிறிது நேரத்திலேயே கைகால்கள் விறைத்து வலுவிழப்பர்.

இவற்றோடு அவர்கள் ஒரு விதியையும் வகுத்துக்கொண்டனர். ஒருநாள் கணவர் மீகாமன், மறுநாள் அம்மையார். அன்றைய மீகாமன் சொல்லே சொல். மற்றவர் அதன்படி நடக்க வேண்டும். கடலில் இருவர் இரு கட்டளை இட்டால் தோணி எதற்கும் கட்டுப்படாது. ஆயினும் ஓர் உரிமை மட்டும் மற்றவர்க்கு உண்டு. ஐயம் தோன்றினால் அவர் கேள்வி கேட்கலாம். மீகாமன் சினவாது விடை கூற வேண்டும். விடை கிடைக்கும்வரை தோணி இடர் உள்ள இடத்திற்குள் நுழைதல் ஆகாது. சிறிய விதிதான், ஆயினும் அதன் பயன் பெரிது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சிட்னி என்னும் சிறு துறையிலிருந்து அவர்கள் பயணம் தொடங்கிற்று. இது ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி அன்று; வான்கூவர் தீவில் அதே பெயருடன் விளங்கும் ஓர் ஊர். அன்று காற்று வடமேற்கிலிருந்து வீசிற்று. அவர்கள் செல்லவேண்டிய திசையும் அதுவே. பாய்த்தோணி நேர் எதிர்க்காற்றில் செல்லாது. ஆதலால், காற்றை ஒருமுறை இடக்கன்னத்திலும் ஒருமுறை வலக்கன்னத்திலும் வாங்கி, மலைமேல் ஏறும் வண்டிப்பாதை போல் வளைந்து வளைந்து முன்னேறினர். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் சுக்கானைத் திருப்ப, மற்றவர் கயிற்றை விடுவித்து மறுபுறம் இழுத்துக் கட்டினார். இருவர் கையும் ஒரே நொடியில் இயங்கினாலன்றித் திருப்பம் கைகூடாது. முதலில் சில முறை பாய் படபடத்துத் தோணி நின்றது. பின்னர்ச் சொல் இன்றியே இருவரும் ஒத்து இயங்கலாயினர்.

அக்கடலில் மற்றோர் இடரும் உண்டு. மரம் அறுக்கும் ஆலைகளுக்காக அடிமரங்களைக் கட்டிக் கடல்வழி இழுத்துச் செல்வது அங்கு வழக்கம். கட்டவிழ்ந்த மரங்கள் நீரில் மிதந்து திரியும். அவற்றுள் நீர் ஊறிக் கனத்த சில, ஒரு முனை மட்டும் நீர்மட்டத்தில் தெரியச் செங்குத்தாய் நிற்கும். அலை எழும்போது மறைந்தும் தாழும்போது தோன்றியும் நிற்கும் அம்மரத்தில் தோணி மோதினால் பலகை பிளந்துவிடும். ஆதலின், ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் முன்புறம் அமர்ந்து நீரை நோக்கியவண்ணம் இருந்தார்.

மாலையில் கலியானோத் தீவில் உள்ள மாண்டேகு துறைமுகத்தை அடைந்தனர். பாறைகளும் காடும் சூழ்ந்த அமைதியான இடம் அது. நங்கூரம் இடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. அவர்கள் நங்கூரமிட்ட இடத்தில் அப்போது ஆழம் 4 மீட்டர். இரவில் ஓதம் ஏறினால் நீர் மேலும் 3 மீட்டர் உயரும். ஆகவே ஆழம் 7 மீட்டர் என்று கொண்டு, அதன் ஐந்து மடங்காகிய 35 மீட்டர் கயிற்றை விட்டனர். கயிறு நீண்டு சாய்ந்து கிடந்தால்தான் தோணியின் இழுப்பு நங்கூரத்தைத் தரையோடு பற்றச் செய்யும். கயிறு குறுகினால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுப் பெயர்ந்துவிடும். இப்போதுள்ள ஆழத்தை மட்டும் கண்டு கயிறு விடுவோர் நள்ளிரவில் பாறையருகே விழிக்க நேரும்.

அத்துறைமுகத்துக் கரை வெண்மையாய் ஒளிர்ந்தது. அது மணலன்று, சிப்பி ஓடுகளின் பொடி. 3000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சேலிஷ் மக்கள் அங்குத் தங்கி, சிப்பியும் மீனும் உண்டு, ஓடுகளை எறிந்த இடம் அது. அம்மக்கள் செந்நிறத் தேவதாரு வகையைச் சார்ந்த பெருமரங்களைக் குடைந்து ஓடங்கள் செய்தனர். அவ்வோடங்களில் தீவுக்குத் தீவு சென்று மீன் பிடித்தனர்; உறவினரைக் கண்டனர்; பண்டம் மாற்றினர். அச்சிட்ட அட்டவணை எதுவும் அவர்களிடம் இல்லை. திங்களின் வளர்ச்சி தேய்வும், பாறையின் ஈரமும், பறவைகள் கூடும் இடமும் அவர்களுக்கு நூலாய் அமைந்தன. கலியானோவுக்கு அண்மையில் உள்ள தீவு ஒன்று வெள்ளையர் இட்ட கூப்பர் என்னும் பெயரால் நெடுநாள் வழங்கிற்று. 2010ஆம் ஆண்டில் அங்கு வாழும் மக்களின் பெயராலேயே பெனலகட் தீவு என்று அது மீண்டும் பெயர் பெற்றது.

இத்தீவுகளின் பிற பெயர்களும் வரலாறு பேசுவன. 1792ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு மாலுமி ஜார்ஜ் வான்கூவர் இக்கடலை அளக்க வந்தார். அதே கோடையில் ஸ்பெயின் நாட்டு மாலுமிகளாகிய கலியானோ, வால்டெஸ் ஆகிய இருவரும் இரண்டு சிறு கலங்களில் அதே பணிக்கு வந்திருந்தனர். அக்கரைக்கு உரிமை கொண்டாடிப் பகைத்து நின்றவை அவ்விரு நாடுகளும். ஆயினும் கடலில் சந்தித்த அம்மாலுமிகள் பகை பாராட்டவில்லை. தாம் அளந்த வரைபடங்களை ஒருவர்க்கொருவர் காட்டினர். சில நாட்கள் சேர்ந்தே பயணம் செய்தனர். பின்னர், 1805ஆம் ஆண்டு டிரபால்கர் கடற்போரில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுக் கலியானோ உயிர் துறந்தார். போர் அவர் உயிரைக் கொண்டது. அறிவைப் பகிர்ந்த அக்கோடையின் நினைவோ தீவின் பெயராய் நிலைத்துவிட்டது.

மூன்றாம் நாள் அவர்கள் கலியானோத் தீவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கு நோக்கிச் சென்றனர். அத்தீவு 25 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது, மிகவும் ஒடுங்கியது. அதற்கும் சால்ட் ஸ்பிரிங் தீவுக்கும் இடையே உள்ள நீர்வழியின் பெயரைக் கேட்டால் தமிழ் மாணவர் வியப்பர். அதன் பெயர் டிரிங்கோமலி. நம் திருகோணமலையே அது! ஈழநாட்டின் கீழைக்கரையில், தேவாரப் பாடல் பெற்ற திருத்தலமாய் விளங்கும் அவ்வூரின் பெயர் பசிபிக் கடலுக்கு எவ்வாறு சென்றது? அவ்வூரின் பெயர் சூட்டப்பெற்ற போர்க்கலம் ஒன்று 1817ஆம் ஆண்டு பம்பாயில் கட்டப்பட்டது. பார்சி மரபினராகிய வாடியா குடும்பத்தார் மலையாள நாட்டுத் தேக்கு மரத்தால் அதனைக் கட்டினர். ஆங்கிலக் கடற்படைக்கு உரிய அக்கலம் 1850களில் பசிபிக் கடலில் பணியாற்றிற்று. அதன் நினைவாகவே நீர்வழிக்கு அப்பெயர் இடப்பட்டது. அத்தேக்குக் கலம் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் நீரில் மிதந்து நிற்கின்றது. கோணமலையின் பெயர், மலையாளத்து மரம், பம்பாய்த் தச்சரின் கைத்திறன் ஆகிய மூன்றும் கூடி, உலகின் மறுகோடியில் ஒரு பெயரை நிலைநிறுத்தின.

அன்றிரவு அந்நீர்வழியின் நடுவே உள்ள வாலஸ் தீவின் சிறு குடாவில் தங்கினர். இருள் செறிந்தபின் கணவர் துடுப்பை நீரில் இட்டார். நீர் நீலப் பொறியாய் ஒளிர்ந்தது. கோடையில் அக்கடலில் பல்கும் நுண்ணுயிர்கள், நீர் அசையும்போது ஒளி விடுகின்றன. மீன் ஒன்று ஓடினால் அதன் பின்னே ஒளிக்கோடு ஒன்று ஓடும். இருவரும் நெடுநேரம் அதனைக் கண்டு மகிழ்ந்தனர். மறுநாள் கடக்கவேண்டிய இடத்தை எண்ணி, பின்னர் வரைபடத்தை விரித்தனர்.

கலியானோத் தீவின் வட முனைக்கும் வால்டெஸ் தீவின் தென் முனைக்கும் இடையே போர்லியர் கணவாய் என்னும் ஒடுங்கிய நீர்வாயில் உள்ளது. அதன் வழியே டிரிங்கோமலி நீர்வழியிலிருந்து ஜார்ஜியா நீரிணைக்குச் செல்லலாம். இவ்வாயிலின் தன்மையை உணர ஓதத்தின் இயல்பை அறிதல் வேண்டும். திங்களும் ஞாயிறும் கடல் நீரை ஈர்க்கின்றன. அவ்வீர்ப்பினால் கடல் ஏறியும் இறங்கியும் வருகின்றது. அமாவாசை, பௌர்ணமி ஆகிய உவா நாட்களை ஒட்டி இரண்டின் ஈர்ப்பும் ஒருசேர இயங்குவதால் ஏற்ற இறக்கம் மிகுதியாகும். பரந்த கடலில் இம்மாற்றம் கண்ணுக்குப் புலப்படாது. தீவுகள் வேலிபோல் நிற்கும் இடத்திலோ, வேலியின் இருபுறத்தும் நீர் ஒரே நேரத்தில் ஒரே அளவாக உயர்வதில்லை. ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்ந்து நிற்கும்போது, நீர் முழுவதும் இடையிலுள்ள வாயில்களின் வழியே பாய்கின்றது. ஏரியின் மதகைத் திறந்தாற்போல அப்பாய்ச்சல் அமையும்.

போர்லியர் கணவாயில் நீரின் வேகம் சில நாட்களில் மணிக்கு 9 கடல்மைல் அளவுக்கும் செல்லும். ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். அவர்களுடைய தோணியின் இயந்திரமோ மணிக்கு 5 கடல்மைல் வேகமே தரவல்லது. எதிர்நீரில் அகப்பட்டால், இயந்திரம் முழுவிசையில் ஓடினும் தோணி மணிக்கு 4 கடல்மைல் வேகத்தில் பின்னோக்கியே செல்லும்! உடன்நீரில் சென்றாலோ, சுக்கானுக்கு அடங்காமல் நீர் கொண்டுசெல்லும் இடத்திற்கெல்லாம் செல்ல நேரும். வாயிலின் உள்ளே விராகோ என்னும் பாறை வேறு நிற்கின்றது. நீர் ஒரு திசையில் பாய, காற்று எதிர்த்திசையில் வீசினால், அலைகள் செங்குத்தாய் எழுந்து உடையும்.

ஆயினும் இவ்வாயிலுக்கும் ஓய்வு உண்டு. ஒரு திசையில் ஓடிய நீர் மறுதிசைக்குத் திரும்புமுன் சிறிது நேரம் அசையாது நிற்கும். அதுவே நீர் ஓயும் பொழுது. அப்போது சிறுவனும் துடுப்புப் போட்டு வாயிலைக் கடந்துவிடலாம். கரையில் நீர் உச்சியை அடையும் நேரமும் வாயிலில் நீர் ஓயும் நேரமும் எப்போதும் ஒன்றாக இரா. ஆகவே, வாயில்களுக்கென்றே தனி அட்டவணை உண்டு. கனடா நாட்டு நீரியல் துறையினர் கணித்து வெளியிடும் அவ்வட்டவணையை நோக்கியே மாலுமிகள் புறப்படுவர்.

மறுநாள் கணவரின் முறை. அவரே மீகாமன். அட்டவணையைப் பார்த்தார். நண்பகல் கழிந்து 1 மணி 10 நிமிடத்திற்கு நீர் ஓயும் என்று அதில் கண்டிருந்தது. அதற்கேற்பப் புறப்பட்டு, 1 மணிக்கு வாயிலருகே தோணியைக் கொணர்ந்தார். வெளியே ஜார்ஜியா நீரிணையில் வடமேற்குக் காற்று வலுத்து வீசிற்று. அன்று மாலைக்குள் அப்பால் உள்ள குடாவை அடைந்துவிட வேண்டும் என்ற விரைவு அவர் உள்ளத்தில் இருந்தது. பாயைச் சுருக்கி, இயந்திரத்தை இயக்கினார்.

முன்புறம் அமர்ந்திருந்த அம்மையார் நீரை உற்று நோக்கினார். கரைப்பாறைகளை ஒட்டிக் கெல்ப் என்னும் பெருங்கடற்பாசி வளர்ந்திருந்தது. கடலடிப் பாறையைப் பற்றி ஒரே பருவத்தில் பனைமரத்து உயரம் வளர்வது அது. அதன் உச்சியில் காற்று நிறைந்த குமிழ் ஒன்று மிதக்கும்; குமிழிலிருந்து நீண்ட இலைகள் கூந்தல்போல் விரியும். நீர் ஓய்ந்திருந்தால் குமிழ்கள் மேலே மிதக்க, இலைகள் தளர்ந்து கிடக்க வேண்டும். அங்கோ குமிழ்கள் நீருள் அமிழ்ந்திருந்தன. இலைகள் அனைத்தும் வடக்கு நோக்கி விறைத்து நீண்டிருந்தன.

"பாசி எப்பக்கம் சாய்ந்துள்ளது?" என்று அம்மையார் கேட்டார்.

"வடக்கே" என்றார் கணவர்.

"அட்டவணை என்ன சொல்லுகின்றது?"

"இன்னும் பத்து நிமிடத்தில் நீர் ஓயும் என்கின்றது."

"கடல் அவ்வாறு சொல்லவில்லையே! எந்தக் கடிகாரத்திற்கு எழுதிய அட்டவணை அது?"

கணவர் பதில் கூறவில்லை. ஒருகணம் அவர் முகம் சிவந்தது. வாயில் எதிரே திறந்திருந்தது; நீர் தோணியை மெல்ல உள்ளே இழுக்கத் தொடங்கியும் இருந்தது. 'இத்தனை தொலைவு வந்தபின் திரும்புவதா?' என்ற எண்ணம் அவர்க்கு எழாமல் இல்லை. ஆனால் விதியை வகுத்தவருள் அவரும் ஒருவர் அல்லரோ? கேள்வி எழுந்துவிட்டது, விடை இல்லை. அவர் சுக்கானை முழுவதும் திருப்பி, இயந்திரத்தின் விசையைக் கூட்டித் தோணியை வாயிலினின்றும் விலக்கினார்.

அகன்ற நீர்ப்பரப்பை அடைந்தபின் அட்டவணையை மீண்டும் எடுத்து, அதன் முதல் பக்கத்தைப் படித்தார். அதில் கண்ட நேரங்கள் யாவும் நிலைநேரப்படி கணிக்கப்பட்டவை என்று அங்கே அச்சிட்டிருந்தது. அந்நாட்டிலோ கோடையில் பகலொளியை மிகுதியாகப் பயன்படுத்தும் பொருட்டுக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பது வழக்கமாய் இருந்தது. ஆகவே, அட்டவணையின் 1 மணி 10 நிமிடம் என்பது அவர் கைக்கடிகாரத்தில் 2 மணி 10 நிமிடம் ஆகும். அட்டவணையும் பொய்க்கவில்லை, கடிகாரமும் பொய்க்கவில்லை. இரண்டையும் இணைக்கும் ஒரு கூட்டல் கணக்கே விடுபட்டிருந்தது.

இருவரும் சிறு பாயை மட்டும் விரித்து, வாயிலுக்கு எட்ட நின்று காத்திருந்தனர். அப்போது ஒரு காட்சி தோன்றியது. மிதந்து வந்த பெரிய அடிமரம் ஒன்று வாயிலை நோக்கி இழுபட்டது. முதலில் மெல்லச் சென்றது, பின்னர் விரைந்தது, சுழல் ஒன்றில் சிக்கி வட்டமிட்டது, ஒரு முனை நீருள் ஆழ்ந்து, மறுமுனை வானோக்கி எழுந்தது. பின்னர்ப் பாறையை உரசிச் சென்று, அப்பால் காற்றும் நீரும் மோதி வெண்ணுரை எழும் இடத்தில் மறைந்தது. அம்மரம் அவர்களுடைய தோணியின் நீளமே இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கினர், எதுவும் பேசவில்லை.

மணி இரண்டாயிற்று. அமிழ்ந்திருந்த குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே தோன்றின. விறைத்த இலைகள் தளர்ந்தன. பாறையருகே கேட்ட இரைச்சல் அடங்கிற்று. நீர்நாய் போன்ற தலையை நீட்டிக் கடல்நாய் ஒன்று அமைதியாய் மிதந்தது. 2 மணி 10 நிமிடத்திற்கு வாயில் முழுவதும் குளத்து நீர்போல் ஆயிற்று. தோணி உள்ளே நுழைந்தது. விராகோப் பாறையை ஒதுங்கிக் கடந்து, சிறிது நேரத்தில் ஜார்ஜியா நீரிணையை அடைந்தது. கிழக்கே நிலப்பகுதியின் மலைத்தொடர் பனிமுடி தரித்து நின்றது.

அன்றிரவு கணவர் பயணக் குறிப்பேட்டில் நடந்ததை மறைக்காது எழுதினார். அட்டவணையின் அட்டைமீது 'ஒன்று கூட்டுக' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். அம்மையார் அதனைக் கண்டு நகைக்கவில்லை. மறுநாள் தாம் மீகாமன் ஆனபோது, கணக்கைத் தாம் போட்டபின் அதனைக் கணவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். கணக்கு ஆசிரியராகிய தமக்கும் தவறு நேரக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

திரும்பும் வழியில் அவர்கள் கலியானோ, மேயின் தீவுகளுக்கு இடைப்பட்ட ஆக்டிவ் கணவாய் வழியே வந்தனர். அங்கும் நீர் ஓயும் பொழுது நோக்கியே நுழைந்தனர். பெருங்கப்பல்கள் பயணிகளை ஏற்றிச் செல்லும் வழியும் அதுவே. அதன் கிழக்கு வாயிலில் 1885ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கம் நிற்கின்றது. வாயிலைக் கடந்தபின், கறுப்பும் வெளுப்புமாய் விளங்கும் ஓர்க்கா என்னும் கடல்விலங்குகள் சில தொலைவில் எழுந்து மூச்சு விட்டன. அவை தாய்வழியே குடும்பமாக வாழ்வன. முதிய தாயின் பின்னே அவள் மக்களும் பேரரும் செல்வர். அக்கடலில் சால்மன் மீனை நம்பி வாழும் ஓர்க்காக் கூட்டம் எண்ணிக்கையில் குறைந்து அழியும் நிலையில் உள்ளது. கலங்களின் ஓசை அவற்றின் வேட்டையைக் கெடுக்கின்றது. ஆதலால் கலங்கள் அவற்றை நெருங்கலாகாது என்று சட்டம் உண்டு. இருவரும் இயந்திரத்தை நிறுத்தி, அவை கண்ணுக்கு மறையும்வரை காத்திருந்தனர். காத்திருத்தல் இப்போது அவர்களுக்குச் சுமையாகத் தோன்றவில்லை.

காத்திருத்தலைச் சோம்பல் என்று எண்ணுவோர் உளர். அச்சம் என்று இகழ்வோரும் உளர். செய்யவேண்டுவதை அறிந்து, அதற்குரிய காலத்தை நோக்கி நிற்பவன் சோம்பேறி அல்லன், அஞ்சுபவனும் அல்லன். சோம்பேறி நீர் ஓய்ந்தபோதும் கரையிலேயே கிடப்பான். அறிவிலி நீர் பாயும்போதே உள்ளே நுழைவான். அறிவுடையோன் ஓயும் பொழுதை அறிந்து, அது வாய்த்தபோது ஒரு நொடியும் தாழாது செல்வான்.

பொழுதை அறிவது எவ்வாறு? நூலறிவு வேண்டும், அட்டவணை இன்றேல் அவர்கள் எந்நாளில் எவ்வேளையில் செல்வது என்றே அறியார். கண்ணறிவும் வேண்டும், பாசியின் சாய்வைக் காணாதவர்க்கு அட்டவணையே பகையாகியிருக்கும். இவ்விரண்டும் மாறுபடும்போது, 'ஏன்?' என்று கேட்கும் துணிவு ஒருவர்க்கு வேண்டும். அக்கேள்வியை ஏற்கும் பெருந்தன்மை மற்றவர்க்கு வேண்டும். கேட்பவர் இருந்தும் ஏற்பவர் இல்லையேல் கேள்வியால் பயன் இல்லை. ஏற்பவர் இருந்தும் கேட்பவர் இல்லையேல் தவறு வெளிப்படுவதில்லை. இல்லத்திலும் பள்ளியிலும் நாட்டை ஆளும் அவையிலும் இதுவே உண்மை. சுக்கான் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். கண்களோ எல்லோர்க்கும் உண்டு. தலைமை தாங்குவோர் பிறர் கண்களையும் தம் கண்களாகக் கொள்வாராயின், கலமும் கரை சேரும். கலத்தில் உள்ளோரும் கரை சேர்வர்.